வெளிநாட்டுப் பயணம்: ரொக்கமா, அட்டையா? மாற்று விகிதத்துக்குள் மறைந்திருக்கும் செலவு

புது தில்லி: வெளிநாடு செல்லத் திட்டமிடும் நடுத்தரக் குடும்பம் ஒன்று, விமானக் கட்டணத்தில் ஓரிரு ஆயிரம் ரூபாய் குறையும் என்பதற்காகப் பல வாரங்கள் காத்திருக்கும். ஆனால், அதே பயணத்துக்காக ரூபாயை டாலராகவோ, யூரோவாகவோ, தாய்லாந்து பாட்டாகவோ மாற்றும்போது பல ஆயிரம் ரூபாயை இழப்பதை அக்குடும்பம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அந்த இழப்பு 'கட்டணம்' என்ற பெயரில் ரசீதில் தோன்றுவதில்லை. மாற்று விகிதத்துக்குள்ளேயே மறைந்திருக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

இது சிலருக்கு மட்டுமே உரிய பிரச்னையாக இப்போது இல்லை. தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் (எல்ஆர்எஸ்) கீழ் 2023-24-ம் நிதியாண்டில் இந்தியர்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பிய தொகை சுமார் 3,170 கோடி டாலர். அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகை, அதாவது ஏறத்தாழ 1,700 கோடி டாலர், பயணத்துக்காகச் செலவிடப்பட்டது. இத்தனைக்கும், கடன் அட்டை மூலம் வெளிநாடுகளில் நேரடியாகச் செலவிடப்படும் பணம் இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

மறுபுறம், ரூபாயின் மதிப்பு சரிந்துகொண்டே வருகிறது. 2014-ல் ஒரு டாலருக்கு 60 ரூபாய் என்ற அளவில் இருந்த மாற்று விகிதம், 2025 டிசம்பரில் முதன்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. ஏற்கெனவே விலை கூடிவிட்ட பயணத்தில், பணத்தை மாற்றும் வழியைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது இரட்டைச் சுமையாகிறது.

எட்டு டாலரிலிருந்து இரண்டரை லட்சம் டாலர் வரை

அந்நியச் செலாவணிக்குக் கடும் பஞ்சம் நிலவிய காலத்தில், எட்டு டாலரை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற மாணவர்களின் நினைவுகளை இன்றும் கேட்க முடிகிறது. 1973-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், டாலரை வைத்திருப்பதையே குற்றத்தின் விளிம்பில் நிறுத்தியது. 2000 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் (ஃபெமா) அந்தப் பார்வையை மாற்றியது.

2004 பிப்ரவரியில் 25,000 டாலர் வரம்புடன் தொடங்கப்பட்ட எல்ஆர்எஸ் திட்டத்தின்படி, இன்று இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை சுற்றுலா, கல்வி, மருத்துவம், முதலீடு ஆகியவற்றுக்காக வெளிநாட்டில் செலவிடலாம். இதற்கு நிரந்தரக் கணக்கு எண் (பான்) கட்டாயம்.

எனினும், இந்த வரம்பு முழுவதையும் ரொக்கமாக எடுத்துச் செல்ல முடியாது. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தின்போது 3,000 டாலர் மதிப்புள்ள வெளிநாட்டு நோட்டுகளையே வாங்க முடியும். இராக், லிபியா செல்வோருக்கு இந்த உச்சவரம்பு 5,000 டாலர். மீதமுள்ள தொகையை அட்டையாகவோ வேறு வடிவிலோதான் பெற வேண்டும். இந்திய ரூபாயாக 25,000 வரை உடன் கொண்டு செல்லலாம்.

நேபாளம், பூடான் ஆகிய இரு நாடுகளுக்கும் விதிகள் தனி. அங்கு செல்வதற்கு வங்கிகள் அந்நியச் செலாவணி வழங்குவதில்லை, ரூபாயே போதுமானது. பூடானின் நுல்ட்ரம் ரூபாய்க்குச் சமமான மதிப்புடையது. ஓர் இந்திய ரூபாய் 1.60 நேபாள ரூபாய்க்குச் சமம். ஆனால், உயர் மதிப்பு இந்திய நோட்டுகளுக்கு அந்நாடுகளில் அவ்வப்போது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டுள்ளன. 2018 டிசம்பரில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு நேபாளம் தடை விதித்தபோது பயணிகள் பலர் தவித்தனர். எல்லையைக் கடக்கும் முன் அப்போதைய விதியை உறுதி செய்துகொள்வது அவசியம்.

ஒரு லட்சம் ரூபாயின் கணக்கு

பணத்தைக் கொண்டு செல்லும் வழிகளை ஒப்பிடுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. பன்னாட்டுச் சந்தையில் வங்கிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் இடைநிலை விகிதத்தை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு கூடுதலாகச் செலுத்துகிறோம் என்று பார்ப்பதே அது. சந்தை மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு நிகரான வெளிநாட்டுப் பணம் தேவைப்படுகிறது என்று கொள்வோம்.

ரொக்கம்: நகரில் உள்ள அங்கீகாரம் பெற்ற பண மாற்று நிறுவனம் ஒன்று சந்தை விகிதத்தைவிட 2 சதவீதம் கூடுதலாகப் பெற்றால் அதன் செலவு 2,000 ரூபாய். இதற்கு மேல் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பரிமாற்றத்தில் 1 சதவீதம் சேவையின் மதிப்பாகக் கருதப்பட்டு, அதன்மீது 18 சதவீத வரி விதிக்கப்படுவதால் வரி 180 ரூபாய் அளவிலேயே இருக்கும். மொத்தச் செலவு சுமார் 2,180 ரூபாய். இதே பணத்தை விமான நிலைய முகப்பில், 6 சதவீத வித்தியாசத்தில் மாற்றினால் செலவு 6,000 ரூபாயைத் தாண்டிவிடும். புறப்படும் அவசரத்தில் பேரம் பேச நேரமில்லை என்பதே அந்த முகப்புகளின் மூலதனம்.

கடன் அட்டை: இந்திய வங்கிகளின் கடன் அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுப் பரிமாற்றக் கூடுதல் கட்டணம் 2 முதல் 3.5 சதவீதம் வரை உள்ளது. இந்தக் கட்டணத்தின்மீது 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 3.5 சதவீதம் வசூலிக்கும் அட்டையில் ஒரு லட்சம் ரூபாய் செலவிட்டால் கூடுதல் சுமை 4,130 ரூபாய். 2 சதவீத அட்டையில் 2,360 ரூபாய். இக்கட்டணத்தை அறவே வசூலிக்காத அட்டைகளும் சந்தையில் உள்ளன. ஆகவே, 'கடன் அட்டை' என்ற பொதுப்பெயரை வைத்து மட்டும் அதை மலிவு என்றோ அதிகம் என்றோ கூற முடியாது.

முன்கூட்டியே பணம் நிரப்பும் ஃபாரெக்ஸ் அட்டை: பணம் நிரப்பும் நாளின் மாற்று விகிதம் அட்டையில் நிலைபெற்றுவிடுவதே இதன் சிறப்பு. பயணத்தின் நடுவே ரூபாய் சரிந்தாலும் பாதிப்பில்லை. அதேபோல், ரூபாய் வலுப்பெற்றால் லாபமும் இல்லை. நிரப்பும்போது 1.5 சதவீத வித்தியாசம் இருந்தால், வரியுடன் செலவு 1,680 ரூபாய் அளவில் முடிந்துவிடும். ஆனால், இதில் ஒரு பொறி உள்ளது. அட்டையில் டாலரை நிரப்பிவிட்டு, தாய்லாந்தில் பாட்டாகவோ வியத்நாமில் டாங்காகவோ செலவிட்டால், நாணயங்களுக்கு இடையேயான மாற்றுக் கட்டணம் தனியே சேரும். அது 3.5 சதவீதமாக இருப்பின், வரியையும் சேர்த்து மொத்தச் செலவு 5,800 ரூபாயை எட்டும். மலிவான வழி என்று கருதப்பட்டதே அதிகச் செலவு வைக்கும் வழியாக மாறிவிடும்.

பற்று அட்டை: வங்கிக் கணக்கில் உள்ள பணத்தையே நேரடியாகப் பயன்படுத்தும் வசதி இதில் உண்டு. ஆனால் வெளிநாட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்திய வங்கி ஒரு நிலையான கட்டணத்தையும் மாற்றுக் கட்டணத்தையும் வசூலிக்கும். பல நாடுகளில் அங்குள்ள வங்கியும் தன் பங்குக்குக் கட்டணம் கேட்கும். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைகளுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கப்படுகிறது. சிறு தொகைகளாகப் பலமுறை எடுப்பவர்களுக்கே இழப்பு அதிகம்.

கடன் அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பது, இருக்கும் வழிகளிலேயே மோசமானது. பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாத அவகாசம் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நாள் முதலே வட்டி ஏறத் தொடங்கும். முன்பணக் கட்டணமும் தனியே உண்டு.

'ரூபாயிலேயே செலுத்துகிறீர்களா?'

வெளிநாட்டுக் கடை ஒன்றில் அட்டையைத் தேய்த்ததும், திரையில் ஒரு கேள்வி எழும்: உள்ளூர் நாணயத்தில் செலுத்த விருப்பமா, இந்திய ரூபாயில் செலுத்த விருப்பமா? பழக்கப்பட்ட ரூபாயைக் கண்டதும் நிம்மதியடைந்து அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். உண்மையில், அங்கே மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது இந்திய வங்கியோ பன்னாட்டு அட்டை வலையமைப்போ அல்ல. கடைக்காரரின் கட்டணச் சேவை நிறுவனம். அதன் விகிதம் பெரும்பாலும் வாடிக்கையாளருக்குப் பாதகமானது. அதற்கும் மேலாக, ரூபாயில் நடந்த பரிமாற்றமாக இருந்தாலும் அது வெளிநாட்டில் நடந்தது என்பதால் இந்தியாவில் சில வங்கிகள் தனிக் கட்டணமும் விதிக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் மறைமுகத் தன்மையை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் கட்டுப்படுத்த முயன்றது. 2019-ல் கொண்டுவரப்பட்ட விதிமுறையின்படி, கடைகளிலும் ஏடிஎம்களிலும் இவ்வாறு நாணயத்தை மாற்றித் தருபவர்கள், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்துக்கு மேல் எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெறுகிறார்கள் என்பதைப் பணம் செலுத்தும் முன்பே காட்ட வேண்டும். ஒரே ஓர் எண்ணைத் திரையில் காட்டச் சொல்வது சிறிய சீர்திருத்தமாகத் தோன்றலாம். ஆனால், மறைந்திருக்கும் செலவை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது அந்த ஓர் எண்தான். பயணி எங்கு இருந்தாலும் பின்பற்றத்தக்க விதி எளிது: எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரியில் ஒரு முரண்பாடு

பணத்தைக் கொண்டு செல்லும் வழியைத் தீர்மானிப்பதில் கட்டணத்துக்கு இணையாக வரிக்கும் பங்கு உண்டு. எல்ஆர்எஸ் பரிமாற்றங்களின்போது மூலத்திலேயே வரி வசூலிக்கும் (டிசிஎஸ்) முறை 2020 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 2023 அக்டோபர் முதல், பயணம் உள்ளிட்ட நோக்கங்களுக்காக ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் என அது உயர்த்தப்பட்டது. இந்த உச்சவரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாயாக்கப்பட்டது.

ஒருவர் ஒரே நிதியாண்டில் ஃபாரெக்ஸ் அட்டை, ரொக்கம் ஆகியவற்றின் மூலம் பயணத்துக்காக 12 லட்சம் ரூபாய் மதிப்புள்ள அந்நியச் செலாவணியைப் பெறுகிறார் என்றால், வரம்பைத் தாண்டிய 2 லட்சம் ரூபாய்க்கு 40,000 ரூபாய் உடனடியாகப் பிடிக்கப்படும். இது இறுதி வரி அல்ல. வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். மாத ஊதியம் பெறுவோர், தங்கள் ஊதியத்தில் பிடிக்கப்படும் வரியில் இதைச் சரிக்கட்டிக்கொள்ளவும் 2024 அக்டோபர் முதல் வழி செய்யப்பட்டுள்ளது. ஆயினும், பயணம் புறப்படும் வேளையில் கைப்பணம் முடங்கிப் போவது சிறு வணிகர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் உண்மையான சிரமமே.

இங்குதான் முரண்பாடு எழுகிறது. வெளிநாட்டுப் பயணத்தின்போது கடன் அட்டையில் செய்யப்படும் செலவுகளையும் எல்ஆர்எஸ் வரம்புக்குள் கொண்டுவர 2023 மே 16-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பரவலான எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஜூன் 28-ல் அந்த நடவடிக்கை ஒத்திவைக்கப்பட்டது. விளைவாக, ஃபாரெக்ஸ் அட்டையிலும் பற்று அட்டையிலும் செலவிடப்படும் பணம் எல்ஆர்எஸ் கணக்கில் சேர்கிறது. பயணத்தில் கடன் அட்டையால் செலவிடப்படும் பணம் சேர்வதில்லை.

அதாவது, சேமித்த சொந்தப் பணத்தைச் செலவிடுபவர் வரியை முன்கூட்டியே கட்டுகிறார்; கடனில் செலவிடுபவருக்கு அந்தச் சுமை இல்லை. உயர்ந்த கடன் வரம்பு கொண்ட அட்டைகள் வசதி படைத்தவர்களிடமே அதிகம் உள்ளன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரும் செலவாளிகளைக் கண்காணிக்கும் நோக்கில் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு, யாரைத் தொட வேண்டுமோ அவர்களில் ஒரு பகுதியினரைத் தொடாமலே விட்டுவிடுகிறது. எல்லா வழிகளையும் ஒரே அளவுகோலில் வைப்பதா, அல்லது சேமிப்பில் செலவிடுபவருக்கும் சலுகை தருவதா என்ற கேள்விக்கு அரசு தெளிவான விடை அளித்தாக வேண்டும். 'ஒத்திவைப்பு' என்ற சொல் ஆண்டுக்கணக்கில் கொள்கையாக நீடிப்பது பயணிக்கும் நல்லதல்ல, வங்கிக்கும் நல்லதல்ல.

யுபிஐ: வாக்குறுதியும் எல்லையும்

இந்தியாவின் யுபிஐ முறையை வெளிநாடுகளில் பயன்படுத்தும் வாய்ப்பு படிப்படியாக விரிவடைந்து வருகிறது. பூடானில் 2021-ல் தொடங்கிய இந்த வசதி, 2024 பிப்ரவரியில் பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தையும், அதே மாதம் இலங்கை, மோரீஷஸ் ஆகிய நாடுகளையும் எட்டியது. நேபாளம், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றிலும் கடைகளில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் செலுத்த முடிகிறது. கொழும்புக்குச் செல்லும் ஒருவர் தனது இந்திய வங்கிக் கணக்கிலிருந்தே தேநீருக்கும் துணிக்கும் பணம் செலுத்தலாம் என்பது சில ஆண்டுகளுக்கு முன் கற்பனையாக இருந்தது.

ஆனால், இதை மட்டும் நம்பிப் புறப்படுவது விவேகமாகாது. ஒரு நாட்டில் யுபிஐ ஏற்கப்படுகிறது என்பதற்கு அந்நாட்டின் எல்லாக் கடைகளிலும் ஏற்கப்படுகிறது என்று பொருளல்ல. பிரான்ஸில் இது குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே உண்டு. செயலியில் பன்னாட்டுப் பயன்பாட்டைத் தனியே இயக்க வேண்டும். இணைய இணைப்பும் தேவை. மாற்று விகிதமும் வங்கிக் கட்டணமும் இதற்கும் பொருந்தும். உள்நாட்டில் யுபிஐ இலவசம் என்ற பழக்கத்தில், வெளிநாட்டிலும் அவ்வாறே என்று எண்ணிவிடக் கூடாது.

பாதுகாப்பும் விலையில் ஒரு பகுதியே

மலிவான வழி எப்போதும் சிறந்த வழியாகிவிடாது. ரொக்கம் தொலைந்தால் திரும்ப வராது. அட்டை தொலைந்தால் முடக்கிவிடலாம். அதேவேளை, ஜப்பானின் சிறு உணவகங்களிலும் ஜெர்மனியின் சில கடைகளிலும் ரொக்கம் இன்றி அவதிப்பட நேரிடும். ஸ்வீடனிலோ ரொக்கத்தை வாங்க மறுக்கும் கடைகள் பல உண்டு. செல்லும் நாட்டின் வழக்கத்தை அறியாமல் எந்த வழியையும் சிறந்தது என்று சொல்ல இயலாது.

புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயங்க வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே கேட்டு இயக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. புறப்படும் முன் இதைச் செய்ய மறந்து, வெளிநாட்டு விடுதியின் வரவேற்பறையில் அட்டை ஏற்கப்படாமல் திகைப்பவர்கள் உண்டு. வங்கியில் பதிவு செய்த இந்தியக் கைப்பேசி எண் வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி பெறும் நிலையில் இருப்பது அதே அளவுக்கு முக்கியம். அது இல்லையெனில் ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேராது.

மூன்றாம் தரப்பினரின் மோசடியால் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்கு இழப்பு ஏற்படாது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிமுறைகள் கூறுகின்றன. தாமதம் கூடக் கூட பொறுப்பும் வாடிக்கையாளரின் பக்கம் நகரும். எனவே, வங்கியின் அவசரத் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி வைத்திருப்பது பழங்கால வழக்கம் போலத் தோன்றினாலும் பயன் தரும். பல நேரங்களில் அட்டையுடன் சேர்ந்து கைப்பேசியும் திருட்டுப் போகிறது.

சிறிதளவு நல்ல விகிதத்துக்காக அங்கீகாரமற்ற தரகர்களிடம் டாலர் வாங்குவது இதைவிடப் பெரிய ஆபத்து. கள்ளநோட்டு அபாயம் ஒருபுறம் இருக்க, ஃபெமா சட்ட மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க முடியும். அங்கீகாரம் பெற்ற முகவரிடம் பெறும் ரசீதே, விமான நிலையச் சோதனையின்போது பயணியின் சாட்சி. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட அந்நியச் செலாவணிக்கான தொகையை ரொக்கமாகச் செலுத்த முடியாது. வங்கி வழியே செலுத்த வேண்டும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

திரும்பும் வழியிலும் விதிகள் உண்டு

பயணம் முடிந்து 5,000 டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நோட்டுகளுடன் இந்தியா திரும்புபவர் சுங்கத் துறையிடம் அறிவிப்புப் படிவம் அளிக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோ அல்லது அதற்கு மேலும் ரொக்கம் கொண்டு செல்வோர் அங்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். செலவாகாமல் மீதமுள்ள அந்நியச் செலாவணியைத் திரும்பிய 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அடுத்த பயணத்துக்காக 2,000 டாலர் வரை நோட்டுகளாக வைத்துக்கொள்ளலாம். விற்கும்போதும் மாற்று விகிதத்தில் ஒரு பகுதி போய்விடும் என்பதால், தேவைக்கு அதிகமாக வாங்குவதே முதல் இழப்பு.

எது சிறந்த வழி?

ஒரே ஒரு வழியை நம்புவதைவிட, பணிக்கேற்பப் பணத்தைப் பிரிப்பதே பொருத்தம். விமான நிலையத்திலிருந்து விடுதியை அடைவதற்கும் முதல் ஓரிரு நாள் சில்லறைச் செலவுகளுக்கும் சிறிதளவு ரொக்கம். அதை நகரிலேயே, இரண்டு மூன்று இடங்களில் விகிதம் கேட்டு வாங்க வேண்டும். டாலர், யூரோ, பவுண்டு, சிங்கப்பூர் டாலர் போன்ற, அட்டையில் நேரடியாக நிரப்பக்கூடிய நாணயங்கள் புழங்கும் நாடுகளுக்கு ஃபாரெக்ஸ் அட்டை ஏற்றது. அவ்வாறு நிரப்ப முடியாத நாணயம் புழங்கும் நாடுகளில், கூடுதல் கட்டணம் குறைந்த அல்லது இல்லாத அட்டை லாபகரமானது. விடுதி முன்பணம், வாடகைக் கார் பிணைத்தொகை ஆகியவற்றுக்குக் கடன் அட்டையே வசதி. ஃபாரெக்ஸ் அட்டையில் இப்படி முடக்கப்படும் தொகை விடுபடப் பல நாள்கள் ஆகலாம், அது பயணியின் செலவுக்கான பணம். இரண்டாவது அட்டை ஒன்று வேறொரு பையில் இருக்கட்டும்.

வங்கியிடம் கேட்க வேண்டிய கேள்வி 'கட்டணம் எவ்வளவு?' என்பதல்ல. 'இந்த நூறு டாலர் என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாயைக் குறைக்கும்?' என்பதே. வாங்குவோருக்கு வெளிப்படையான விகிதம் கிடைக்க வேண்டும் என்ற நோக்கில் 2019-ல் 'எஃப்எக்ஸ்-ரீடெயில்' என்ற மின்னணுத் தளம் தொடங்கப்பட்டது. அதே வெளிப்படைத்தன்மை ஒவ்வொரு வங்கிக் கிளைக்கும், பண மாற்று முகப்புக்கும், கைப்பேசிச் செயலிக்கும் விரிய வேண்டும். சந்தை விகிதம் இவ்வளவு, அதற்கு மேல் நாங்கள் பெறுவது இவ்வளவு என்று இரு வரிகள் ரசீதில் இடம்பெறும் நாளில், ரொக்கமா அட்டையா என்ற கேள்விக்கான விடையைப் பயணியே ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார். அதுவரை, அந்த இரு வரிகளையும் அவர்தான் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.